மஞ்சள் விமானம் பிறந்த ஊர்



உங்களில் பலர் மாடு வாங்கியிருப்பீர்கள். பல்லைப் பிடித்துப் பார்த்து, சுழி பார்த்து, மடி பார்த்து, விலை பேசி வாங்கியிருப்பீர்கள். சிலர் பழைய சைக்கிள், பழைய மோட்டார் சைக்கிள், பழைய காடி என்று வாங்கியிருப்பீர்கள். பழைய ஆகாய விமானம் வாங்கப் போனதுண்டா? நான் போனேன். சிரிக்காதீர்கள். முதலில் நானும் சிரித்தவன்தான்.

நான் பணக்காரன் அல்லன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் தோட்டத்து ரப்பர் ஆலையில் இஞ்சின் ஓட்டி, ஓய்வு பெற்று, இப்போது ஈப்போ பக்கத்தில் ஒரு சிறிய வீட்டில் இருக்கிறேன். விமானம் வாங்க நினைத்தவன் என் அக்காள் மகன். லயத்தில் பிறந்து, தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் படித்து, இன்று அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் இயந்திரப் பொறியாளராக வேலை செய்கிறான். விமானம் ஓட்டும் உரிமமும் வாங்கிவிட்டான். அவனும் அவனோடு வேலை செய்யும் நண்பர் ஒருவரும் கூட்டாகப் பணம் போட்டு, பழைய சின்ன விமானம் ஒன்று வாங்கப் போவதாக அக்காளுக்குச் செய்தி வந்தது.

அன்று மாலையே அக்காள் என் வீட்டுக்கு வந்துவிட்டார்.

"தம்பி, நீ போ. அவனைப் பார்த்து வருகிறேன் என்று போ. எப்படியாவது இதை வாங்கவிடாமல் செய்துவிட்டு வா" என்றார்.

அக்காள் ஏன் பயந்தார்?

பறப்பதைப் பற்றி அக்காளுக்குப் பயமில்லை. மகன் எத்தனை முறை விமானத்தில் போய் வந்திருக்கிறான்! அவர் பயந்தது 'பழையது' என்ற சொல்லுக்குத்தான். அதற்குக் காரணம் உண்டு.

பல ஆண்டுகளுக்கு முன், என் அத்தான் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் வாங்கினார். அழகான சிவப்பு வண்ணம். முகம் பார்க்கலாம் போல மின்னியது. வாங்கப் புறப்பட்ட அன்று காலையில் என்னையும் கூப்பிட்டார். நான் இரவு வேலை முடிந்து படுத்திருந்தேன். "நீங்களே பார்த்து வாங்குங்கள் அத்தான்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டேன். நான்கு மாதம் கழித்து, இறக்கத்தில் வரும்போது முன் சக்கரத்தைத் தாங்கும் கம்பி முறிந்தது. உள்ளே முழுக்கத் துரு. மேலே புது வண்ணம். அத்தானின் இடக்கால் முட்டிக்குக் கீழே நொறுங்கிப் போயிற்று. அதற்குப் பிறகு அவரால் மலைக்காட்டில் பால் வெட்ட முடியவில்லை. நர்சரியில் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றும் வேலைதான் கொடுத்தார்கள். கடைசிவரை நொண்டி நொண்டித்தான் நடந்தார்.

இப்போது புரிகிறதல்லவா? அக்காளின் கட்டளையை மறுக்க எனக்கு வாய் இல்லை. ஜூன் மாதத்தில் புறப்பட்டேன்.

வழியில் கேட்ட ஒரு வரலாறு

பிலடெல்பியா நகரிலிருந்து வடமேற்கே ஏறத்தாழ 200 மைல். அக்காள் மகன் காடியை ஓட்டினான். நகரம் கழிந்ததும் வயல். வயல் கழிந்ததும் மலை. நம் மத்திய மலைத்தொடரைப் போல வானத்தை முட்டும் மலையல்ல. அலை அலையாக நீண்டு கிடக்கும் பச்சை மலைகள். இடையிடையே ஆறு.

"மாமா, அம்மா உங்களை எதற்கு அனுப்பினார்கள் என்று எனக்குத் தெரியும்" என்று அவனே பேச்சை ஆரம்பித்தான். நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவன் கோபப்படவில்லை. ஒரு வரலாறு சொன்னான். அதை உங்களுக்கும் சொல்கிறேன்.

பிலடெல்பியாவுக்கு அருகில் பிரின்மார் என்ற ஊர். அங்கே 1907-இல் பிறந்தவர் ஆல்பிரட் ஆண்டர்சன் என்ற கறுப்பினத்தவர். சிறு வயது முதல் பறக்க ஆசை. ஆனால் அந்தக் காலத்தில் கறுப்பருக்குப் பறக்கச் சொல்லித்தரப் பள்ளிகள் மறுத்தன. விமானத்தை வாடகைக்கும் கொடுக்க மாட்டார்கள். அவர் என்ன செய்தார்? சேமித்த பணத்தோடு உற்றார் நண்பர்களிடம் கடன் வாங்கிச் சேர்த்து, ஒரு பழைய சின்ன விமானத்தை விலைக்கே வாங்கிவிட்டார்! அதில் பெரும்பாலும் தாமே பழகி, 1929-இல் உரிமம் பெற்றார். பிற்காலத்தில் அலபாமா மாநிலத்தில் டஸ்கீகி என்ற இடத்தில் கறுப்பின இளைஞர்களுக்குத் தலைமைப் பயிற்சியாளராக இருந்தார். 1941 மார்ச் மாதம் அமெரிக்க அதிபரின் துணைவியார் எலினோர் ரூஸ்வெல்ட் அங்கே வந்தபோது, அவரை ஒரு சின்ன மஞ்சள் விமானத்தில் ஏற்றி வானத்தைச் சுற்றிக் காட்டியவரும் அவரே. அந்தப் படம் பத்திரிகைகளில் வந்தது. கறுப்பரால் விமானம் ஓட்ட முடியாது என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கு அந்த ஒரு படமே பதிலாயிற்று.

"அந்த மஞ்சள் விமானத்தின் பெயர் பைப்பர் கப். நாம் பார்க்கப் போவதும் அதே சாதிதான் மாமா" என்றான்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. பழைய விமானம் என்பது பணக்காரர் விளையாட்டு என்றே நினைத்திருந்தேன். கதவு திறக்காதவனுக்கு அதுவே கதவாக இருந்திருக்கிறது என்பது எனக்குப் புதுச் செய்தி.

பட்டு ஆலையில் பிறந்த விமானம்

நாங்கள் போய்ச் சேர்ந்த ஊரின் பெயர் லாக் ஹேவன். 'லாக்' என்றால் கால்வாயில் படகை ஏற்றி இறக்கும் நீர்க்கதவு. 'ஹேவன்' என்றால் புகலிடம். சஸ்குவெஹானா ஆற்றின் மேற்குக் கிளைக் கரையில் இருக்கிறது. ஒரு காலத்தில் மலைக்காட்டு மரங்களை வெட்டி, தெப்பமாகக் கட்டி, ஆற்றில் மிதக்கவிட்டு இந்த ஊருக்குக் கொண்டுவந்து சேர்ப்பார்களாம். இன்று பத்தாயிரம் பேருக்கும் குறைவானவர்களே வாழும் அமைதியான ஊர். ஆற்றோரம் உயரமான கரை கட்டியிருக்கிறார்கள். தெருக்களில் பழைய செங்கல் வீடுகளும் பெரிய மரங்களும்.

இந்தச் சின்ன ஊர் எப்படி விமானம் செய்யும் ஊராயிற்று? கேளுங்கள்.

பிராட்போர்டு என்பது இதே மாநிலத்தில் வேறோர் ஊர். அங்கே டெய்லர் என்பவர் சின்ன விமானம் செய்யும் தொழில் நடத்திவந்தார். பொருளாதார மந்தக் காலம். தொழில் நொடித்துப் போயிற்று. அதில் பணம் போட்டிருந்த வில்லியம் பைப்பர் என்ற எண்ணெய்க் கிணற்று வணிகர், நொடித்த தொழிலின் சொத்துகளை 761 டாலருக்கு வாங்கினார். டெய்லரையும் கூடவே வைத்துக்கொண்டார். சாதாரண மனிதன் வாங்கக்கூடிய விலையில் விமானம் செய்ய வேண்டும் என்பதே பைப்பரின் எண்ணம். பின்னர் இருவரும் பிரிந்தார்கள். 1937 மார்ச் மாதத்தில் பிராட்போர்டு ஆலை தீப்பிடித்து எரிந்தது. பைப்பர் சோர்ந்து உட்காரவில்லை. லாக் ஹேவனில் மூடிக் கிடந்த ஒரு பட்டு ஆலைக் கட்டடத்தைப் பிடித்தார். பட்டு நெய்த இடத்தில் விமானம் பிறந்தது!

அதுதான் 'ஜே-3 கப்'. 'கப்' என்றால் புலி, கரடி முதலியவற்றின் குட்டி. பெயருக்கு ஏற்ற உருவந்தான். இறக்கை நுனிக்கு நுனி 35 அடி. உடல் நீளம் 22 அடி. இரண்டே பேர் உட்காரலாம், ஒருவர் பின் ஒருவராக. எஃகுக் குழாய்களால் எலும்புக்கூடு செய்து, அதன்மேல் துணியை இழுத்துக் கட்டி, பசை பூசி இறுக்கி, மஞ்சள் வண்ணம் அடித்திருப்பார்கள். பக்கவாட்டில் மின்னலைப் போல ஒரு கறுப்புக் கோடு. வெறும் விமானத்தின் எடை 350 கிலோதான். ஒரு பெரிய காளையின் எடை! இஞ்சின் 65 குதிரைச் சக்தி. சாதாரண வேகம் மணிக்கு 75 மைல். நம் நெடுஞ்சாலையில் காடிகள் அதைவிட விரைந்து போகின்றன.

1938 முதல் 1947 வரை ஏறத்தாழ 20,000 விமானங்கள் இந்த வகையில் செய்யப்பட்டன. புதிதாக வந்தபோது மலிவானதன் விலை 995 டாலர். இரண்டாம் உலகப் போரின்போது பல்லாயிரம் அமெரிக்க இளைஞர்கள் பறக்கப் பழகியது இதில்தான். போர்க்களத்தில் எதிரியின் நிலையைப் பார்த்துச் சொல்லவும் இதையே பச்சை வண்ணம் பூசி அனுப்பினார்கள்.

எல்லாத் தொழிலுக்கும் ஒரு சாயங்காலம் உண்டு. 1972 ஜூன் மாதம் ஒரு பெரும்புயலால் ஆறு பெருகி ஆலைக்குள் புகுந்தது. 1984-இல் லாக் ஹேவன் ஆலை மூடப்பட்டது. வேலை புளோரிடா மாநிலத்துக்குப் போய்விட்டது. ஊரார் நிலை என்னவாக இருந்திருக்கும் என்று தோட்டம் துண்டாடப்பட்டதைக் கண்ட நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அவர்கள் ஒன்று செய்தார்கள். விமானத் திடலின் ஓரத்தில், ஆலையின் பொறியாளர்கள் வேலை செய்த கட்டடத்தைக் காட்சிசாலை ஆக்கினார்கள். 1986 முதல் ஜூன் மாதத்தில், இந்த ஊரில் பிறந்த விமானங்களைத் தாய்வீட்டுக்கு அழைக்கிறார்கள். நாடெங்குமிருந்து பறந்து வருகின்றன. நாங்கள் போன நேரமும் அதுவே. புல்வெளியில் மஞ்சள் மஞ்சளாக வரிசை வரிசையாக நின்றன. அவற்றின் இறக்கை நிழலில் கூடாரம் அடித்து, சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள் மக்கள். நம் தோட்டத்துத் திருவிழாதான், தேர் மட்டும் வேறு!

இரண்டு விமானங்கள்

அந்த வரிசையில் விற்பனைக்கு வந்திருந்தவை எங்கள் கண்ணில் பட்டது இரண்டு. காற்றாடியில் அட்டை கட்டி விலை எழுதியிருந்தார்கள்.

முதலாவதைப் பார்த்ததும் எனக்கே மனம் போய்விட்டது. புத்தம் புதிது போல மின்னியது. மஞ்சளில் முகம் தெரிந்தது. விலை 35,000 டாலர். இரண்டாவது, 1946-இல் செய்தது. அதன் மஞ்சள் சற்று வெளிறியிருந்தது. இருக்கைத் துணி தேய்ந்திருந்தது. எண்ணெய்க் கறை இரண்டொன்று. விலை 42,000 டாலர்! எண்பது வயதைக் கடந்த ஒரு பெரியவர் அதன் பக்கத்தில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"இது என்னடா கணக்கு? வெளிறியதற்கு விலை கூடவா?" என்று அக்காள் மகனிடம் மெல்லக் கேட்டேன்.

"உள்ளே பார்க்கலாம் மாமா" என்றான்.

அந்தச் சொல் என் நெஞ்சில் தைத்தது.

முதலில் புத்தகங்களைப் பார்த்தான். அங்கே ஒவ்வொரு விமானத்துக்கும் குறிப்பேடு உண்டு. உடலுக்கு ஒன்று, இஞ்சினுக்கு ஒன்று. ஆண்டுக்கு ஒரு முறை உரிமம் பெற்ற வல்லுநர் பிரித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும்; போடாவிட்டால் பறக்கக் கூடாது. நம் காடிக்குக் கிராண்ட் இருப்பதைப் போல விமானத்துக்கும் பதிவு உண்டு. அமெரிக்கா முழுவதற்குமான பதிவேடு ஓக்லஹோமா நகரில் இருக்கிறது. விற்பவர்தாம் உண்மையான உரிமையாளரா, விமானத்தின்மேல் கடன் ஏதும் நிற்கிறதா என்று அங்கே விசாரித்துத் தெரிந்துகொள்ளலாம்.

மின்னிய விமானத்தின் ஏட்டில் கையெழுத்தெல்லாம் ஒழுங்காக இருந்தன. ஆனால் மூன்று ஆண்டுகளில் அது பறந்தது மொத்தம் நான்கே மணி நேரம். பெரியவரின் விமானம் வாரந்தோறும் பறந்திருந்தது. மழைக்காலம், பனிக்காலம் பாராமல்.

"குறைவாக ஓடியது நல்லதுதானே?" என்று கேட்டேன். கேட்ட பிறகு எனக்கே வெட்கமாகிவிட்டது. ஆலையில் ஓராண்டு நிறுத்தி வைத்த இஞ்சினைத் திரும்ப ஓட்ட நான் பட்ட பாடு எனக்குத் தெரியாதா? ஓடும் இஞ்சினில் எண்ணெய் ஏறி எல்லா இடத்தையும் நனைத்துக்கொண்டிருக்கும். நிற்கும் இஞ்சினில் எண்ணெய் வடிந்துவிடும், ஈரம் உட்காரும், துரு பிடிக்கும். பால் வெட்டும் கத்தியும் அப்படித்தான். தினமும் தீட்டி வெட்டுகிறவன் கத்தி மின்னும். கூரையில் செருகி வைத்தவன் கத்தி துருப்பிடிக்கும்.

பிறகு அவன் மின்னிய விமானத்தின் அடியில் படுத்துக்கொண்டான். துணியின் அடிப்பக்கத்தில் சிறு சிறு துளைகள் இருக்க வேண்டுமாம். உள்ளே சேரும் நீர் வடிவதற்காக. அந்த விமானத்தில் பல துளைகள் புது வண்ணத்தால் அடைபட்டிருந்தன. நீர் எங்கே போகும்? வால் பக்கம் போய்க் குழாயில் தங்கும். அங்கேதான் எஃகு துருப்பிடிக்கும், வெளியே தெரியாது. இறக்கையைத் தாங்கும் சாய்வுக் குழாய்களும் அப்படியே, உள்ளிருந்து அரிக்கும். அதனால் 1993 முதல் அவற்றைக் குறித்த காலத்தில் சோதிக்க வேண்டும், அல்லது நீர் புகாதபடி மூடிய புதுக் குழாய்களாக மாற்ற வேண்டும் என்று அரசாங்க ஆணை இருக்கிறது. பெரியவர் மாற்றியிருந்தார், ஏட்டில் தேதி இருந்தது. எலி கூடு கட்டினாலும் ஆபத்தாம். எலியின் சிறுநீர் உலோகத்தை அரித்துவிடும். பெரியவர் தம் கொட்டகையில் இரண்டு பூனை வளர்ப்பதாகச் சொன்னார்!

அடுத்தது நம் சரக்கு, வாசகர்களே. இந்த விமானம் தரையில் இறங்கும்போது விழும் அடியைத் தாங்குவது எது தெரியுமா? ரப்பர்! மெல்லிய ரப்பர் இழைகளைக் கட்டாகச் சேர்த்து, மேலே நூலுறை பின்னிய தடித்த வளையம். சக்கரக் கால்களுக்கு நடுவே மாட்டியிருக்கிறது. எந்த ஆண்டில் செய்த ரப்பர் என்பதை உறையில் பின்னிய வண்ண நூலே சொல்லிவிடும். மின்னிய விமானத்தில் அதன்மேல் அழகான தோலுறை போட்டிருந்தார்கள். உரிமையாளரிடம் அனுமதி கேட்டு, உறையை நான்தான் அவிழ்த்தேன். நூல் பிய்ந்து, இழைகள் வெடித்துத் தொங்கின. ரப்பரோடு வாழ்ந்தவனுக்குச் செத்த ரப்பர் தெரியாதா?

அந்த உரிமையாளர் ஏமாற்றுக்காரர் அல்லர். அவரும் அதன் அழகைப் பார்த்து வாங்கியவர்தாம். நான் காட்டியதும் அவர் முகம் வெளுத்துப் போயிற்று. "இதில் என் பேரனை ஏற்றினேனே!" என்றார். அத்தானுக்கு மோட்டார் சைக்கிள் விற்றவரும் இப்படி ஒரு மனிதராக இருந்திருக்கலாம் என்று அன்றுதான் முதல் முறையாக நினைத்தேன்.

காது வைத்துக் கேட்டேன்

பெரியவரின் விமானத்தையும் அக்காள் மகன் உடனே வாங்கிவிடவில்லை. அங்கே ஒரு நல்ல வழக்கம் உண்டு. வாங்குபவர், தமக்கு வேண்டிய வல்லுநர் ஒருவரைக் கூலி கொடுத்து அழைத்து வந்து சோதிப்பார். விற்பவரிடம் வழக்கமாக வேலை செய்யும் வல்லுநர் கூடாது. பணத்தையும் விற்பவர் கையில் நேரே கொடுக்காமல், பத்திரம் மாறும்வரை நடுவர் ஒருவரிடம் கொடுத்து வைப்பார்கள்.

மறுநாள் அந்த வல்லுநர் வந்தார். இஞ்சினுக்கு நான்கு உருளைகள். ஒவ்வொன்றிலும் 80 பவுண்டு அழுத்தத்தில் காற்றைச் செலுத்தி, எவ்வளவு தங்குகிறது என்று அளந்தார். மூன்று உருளைகள் 70-க்கு மேல் நின்றன. நான்காவது 54-க்கு இறங்கிவிட்டது.

"காற்று எங்கே போகிறது?" என்று வல்லுநர் சுற்றிப் பார்த்தார். நான் சும்மா இருக்க முடியாமல் புகைக்குழாயில் காது வைத்தேன். உஸ் என்று மெல்லிய ஓசை. முப்பது ஆண்டு கேட்ட ஓசை! காற்று உள்வாங்கும் பக்கம் ஒலித்தால் ஒரு வால்வு. எண்ணெய் ஊற்றும் வாயில் ஒலித்தால் வளையம் தேய்ந்திருக்கிறது. புகைக்குழாயில் ஒலித்தால் புகை வெளியேறும் வால்வு சரியாக உட்காரவில்லை. கையால் காட்டினேன். வல்லுநரும் காது வைத்துக் கேட்டார். என் முதுகில் தட்டிக்கொடுத்தார். எனக்கு ஆங்கிலம் அரைகுறை. ஆனால் இஞ்சினின் பாஷை எல்லா நாட்டிலும் ஒன்றே.

பெரியவர் முகம் சுளிக்கவில்லை. "எனக்கே தெரியாது. இப்போது காது மந்தம்" என்றார். அந்த உருளையைச் சரிசெய்ய ஆகும் செலவை விலையில் தாமே கழித்துக்கொண்டார். பிறகு அவர் கேள்வி கேட்க ஆரம்பித்தார். எங்கே நிறுத்தி வைப்பாய்? கொட்டகை உண்டா? வாரம் எத்தனை முறை பறப்பாய்? மாப்பிள்ளை பார்க்கும் பெண்வீட்டார்கூட அவ்வளவு கேட்க மாட்டார்கள். கண் பார்வை மங்குவதால்தான் விற்கிறாராம். "பூட்டி வைப்பவருக்கு இதைத் தரமாட்டேன்" என்று சொன்னார்.

வால்வு சரிசெய்து மீண்டும் அளந்து பார்த்த பிறகு, அவர் என்னைக் காட்டி ஏதோ சொன்னார். அக்காள் மகன் சிரித்தான். "மாமா, கடைசியாக ஒரு முறை பறக்க வேண்டுமாம். மேற்பார்வைக்கு நண்பர் ஒருவர் பின்னால் உட்கார்ந்து ஓட்டுவார் என்று நான் சொன்னேன். அவருக்கு அது வேண்டாமாம். கண் வைத்தியர் இன்னும் அனுமதி கொடுத்திருக்கிறாராம், தாமே ஓட்டுவாராம். ஆனால் இஞ்சினுக்குக் காது வைத்த ஆள் கூட வரவேண்டுமாம்."

வாசகர்களே, இந்த விமானத்தில் ஒரு விந்தை. ஓட்டுபவர் பின்னால் உட்காருகிறார். விருந்தாளிக்குத்தான் முன் இருக்கை. மின்சாரம் கிடையாது, சாவி கிடையாது. ஒருவர் முன்னே நின்று காற்றாடியைக் கையால் இழுத்துச் சுழற்ற வேண்டும். எவ்வளவு எண்ணெய் மீதி என்று காட்டுவது என்ன தெரியுமா? தொட்டியில் மிதக்கும் தக்கையில் செருகிய ஒரு கம்பி! கம்பி இறங்க இறங்க, நாமும் இறங்க இடம் பார்க்க வேண்டியதுதான்.

சற்றுத் தூரம் புல்லில் ஓடிற்று. எப்போது தரையை விட்டது என்றே தெரியவில்லை. கதவைத் திறந்தே வைத்திருந்தார். என் முழங்கைக்குக் கீழே ஆறு. தெப்பங்கள் வந்த ஆறு. ஆலைக்குள் புகுந்த ஆறு. அந்தப் பக்கம் நீண்ட மலை. கீழே புல்வெளியில் மஞ்சள் பூ உதிர்ந்தது போல விமானங்கள். பயமாக இருந்ததா என்று கேட்பீர்கள். உண்மையைச் சொல்கிறேன்: நான்கு உருளைகளும் ஒரே சீராக ஒலிக்கின்றனவா என்று கேட்டுக்கொண்டிருந்ததில் பயப்படவே நேரமில்லை.

அக்காளிடம் சொன்னது

அன்றிரவு கைப்பேசியில் அக்காளைக் கூப்பிட்டேன். அங்கே விடிந்து, பசியாறிக்கொண்டிருந்தார்.

"தடுத்துவிட்டாயா?" என்றார்.

"இல்லை அக்காள். வாங்கிவிட்டான். நானும் அதில் ஏறிப் பறந்தேன்."

நெடுநேரம் பேச்சில்லை. பிறகு கேட்டார்:

"உள்ளே பார்த்தீர்களா?"

"பார்த்தோம். ஏட்டைப் பார்த்தோம், குழாயைப் பார்த்தோம், ரப்பரை நானே பார்த்தேன். இஞ்சினுக்குக் காது வைத்துக் கேட்டேன்."

"அன்றைக்கு உன் அத்தானோடு யாரும் போகவில்லை, தம்பி" என்றார். குற்றம் சொல்வது போல அல்ல. நடந்ததைச் சொல்வது போல. அதற்கு என்னிடம் பதில் இல்லை. இத்தனை ஆண்டுகளில் ஒருநாள்கூட அவர் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை.

சற்று நேரம் கழித்து அவரே, "சரி, வாரந்தோறும் அதை ஓட்டச் சொல். சும்மா நிறுத்தி வைத்துவிடப் போகிறான்" என்றார்.

வாசகர்களே, நீங்கள் விமானம் வாங்கப் போவதில்லை. ஆனால் பழைய மோட்டார் சைக்கிளோ, காடியோ, தையல் இயந்திரமோ வாங்கத்தான் போகிறீர்கள். வண்ணத்துக்கு விலை கொடுக்காதீர்கள். நன்றாக வைத்திருப்பது என்றால் பூட்டி வைத்திருப்பது அல்ல. பார்த்துப் பார்த்துப் பயன்படுத்தியிருப்பது. ஏட்டைக் கேளுங்கள். உறையை அவிழ்த்துப் பாருங்கள். விற்பவருக்கு வேண்டாத ஒருவரை, விவரம் தெரிந்த ஒருவரை, கையோடு அழைத்துச் செல்லுங்கள்.

அப்படி யாராவது ஒரு காலை நேரத்தில் உங்கள் வாசலில் வந்து, "கூட வா" என்று கூப்பிட்டால், தூக்கம் எவ்வளவு இருந்தாலும் எழுந்து போங்கள்.